இறங்காமல் போன தெரு

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் ஊர் சுற்றுவதற்கென்றே செங்கல்பட்டில் நாங்கள் சிலர் ஒரு சங்கம் வைத்திருந்தோம். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. சங்கம் என்றால் பெயர்ப்பலகை, தலைவர், சந்தா எதுவும் கிடையாது. யாரிடம் சைக்கிள் இருக்கிறதோ, யாருக்கு விடியற்காலையில் எழுந்திருக்க மனசு இருக்கிறதோ அவர் உறுப்பினர். ஒருவர் பஞ்சர் ஒட்டும் பசையும் ரப்பர் துண்டும் கொண்டுவருவார், ஒருவர் காற்றடிக்கும் பம்பு, இன்னொருவர் குடிதண்ணீர்.

இதை ஆரம்பித்தவர் ஹைஸ்கூல் டிரில் மாஸ்டர். வசதியான குடும்பம், கதர் உடுப்பு, கோபமே வராத சுபாவம். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். ஒரு ஊதல் என்றால் கிளம்பு. இரண்டு ஊதல் என்றால் நில், இறங்கு. அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: மெதுவாகப் போகிறவன்தான் முன்னால் போக வேண்டும், யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

என்னைச் சங்கத்துக்கு இழுத்து வந்தவன் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாயின் மகன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். நான் அப்போது ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. என் அப்பா சின்ன வயசிலேயே பண்ணை வேலையை உதறிவிட்டு ரயில்வே கேங் கூலியாக வந்துவிட்டவர். அதனால்தான் எனக்குப் படிப்பு, அதனால்தான் உத்தியோகம். மாற்றலாகிப் போன ஒரு டிக்கெட் கலெக்டரிடம் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். பச்சை பெயிண்ட், ஹேண்டில்பாரில் கொஞ்சம் துரு. பஞ்சாயத்து ஆபீஸில் வரி கட்டித் தகர வில்லை வாங்கி முன்பக்கம் மாட்டியபோது, என்னமோ அரசாங்கமே என்னை ரோட்டில் போகச் சொன்ன மாதிரி இருந்தது.

கொளவாய் ஏரி ஓரம் போகும்போது வரும் அந்தக் காற்றை எப்படிச் சொல்வது? சட்டை முதுகில் பலூன் மாதிரி உப்பும். யாரோ ஒருத்தர் பாட ஆரம்பிப்பார், மேட்டில் மூச்சு வாங்கி நிறுத்துவார். சைக்கிளில் உட்கார்ந்தால் நம் தலை நடந்துபோகிறவர்கள் தலைக்கு மேலே இருக்கும். அது பிடிக்காதவர்கள் சிலர் இருந்தார்கள். எனக்கோ அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

எங்களுக்கு வழக்கமான வழி திருக்கழுக்குன்றம் தாண்டி மகாபலிபுரம். காலையிலேயே கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் சவுக்குத்தோப்பு வந்துவிடும். மணலில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு, கடலில் குளித்துவிட்டு, கட்டிக்கொண்டு வந்த புளிச்சாதத்தைத் தின்று, தோப்பில் படுத்துத் தூங்கி, வெயில் தணிந்ததும் திரும்புவோம்.

அந்த வருஷம் மழை பலமாகப் பெய்து, வழியில் ஒரு சிறு பாலம் உடைந்துவிட்டது. பஸ்ஸே போகவில்லை. சைக்கிளில் போவதென்றால் பக்கத்துக் கிராமத்துக்குள் நுழைந்து, அதன் பெரிய தெரு வழியாகப் போய் மறுபடியும் ரோட்டைப் பிடிக்க வேண்டும். அந்தக் கிராமத்தின் பெயர் வேண்டாம். என் தாய்மாமன் அந்த ஊர்ச் சேரியில்தான் இருந்தார். சின்ன வயசில் எத்தனையோ தடவை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஆனால் அந்தப் பெரிய தெருவை நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. நாங்கள் ஏரிக்கரை வழியாகச் சுற்றித்தான் போவோம். ஏன் என்று கேட்டதற்கு அம்மா, "கேக்காத, நட," என்று மட்டும்தான் சொல்லுவாள்.

அன்று எட்டுப் பேரும் வரிசையாகத் தெருவுக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், நடுவில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேரில் ஒருவர் எழுந்து நடுத்தெருவுக்கு வந்தார். மாமன் யார் நிலத்தில் ஏர் ஓட்டினாரோ அந்த நிலத்துக்காரர். என்னை ஏரிக்கரையில் பார்த்திருக்கிறார் போல.

"நீ கேங் கூலி மவன்தானே?" என்றார். பிறகு டிரில் மாஸ்டரைப் பார்த்து, மரியாதையாக, "நீங்கல்லாம் போலாம் சார். உங்களுக்குத் தெரியாது. இவன் மட்டும் எறங்கித் தள்ளிகினு போவட்டும்," என்றார்.

டிரில் மாஸ்டரின் முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் விசிலை எடுத்து இரண்டு ஊதல் ஊதினார். "எல்லாரும் இறங்குங்க. நம்ம சங்கத்துல ஒருத்தர் நடந்தா எல்லாரும் நடப்போம்," என்றார்.

எட்டுப் பேரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். தெருமுனை வரைக்கும் எட்டுச் சைக்கிள் சக்கரங்களின் கிறுகிறு சத்தம். தெரு தாண்டியதும் ஆளாளுக்கு என் தோளைத் தட்டினார்கள். கடற்கரையில் சாப்பிடும்போது அதே பேச்சு. அந்தாளுக்கு நல்ல பாடம் கற்பித்துவிட்டோமாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

"இன்னா மச்சான்?" என்றான் பாய் மகன்.

அப்போது எனக்கு வந்த கோபத்தில் யார், என்ன என்று பார்க்கவில்லை. "நீங்கல்லாம் எதுக்கு எறங்கனீங்க? அவன் என்னை எறங்கச் சொன்னான். நான் எறங்கினேன். அவன் கேட்டது நடந்துச்சி. நீங்களும் கூட எறங்கி அவனுக்கு மரியாதை பண்ணிட்டு வந்தீங்க," என்றேன்.

டிரில் மாஸ்டர் கையிலிருந்த சாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உன்னைத் தனியா விடக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"தனியா வுட்டிருந்தா நான் மிதிச்சிருப்பேன் சார்," என்றேன். மிதித்திருப்பேனா? இன்றைக்குக்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அப்போது அப்படித்தான் சொன்னேன்.

பாய் மகன்தான் முதலில் வாய் திறந்தான். "இவன் சொல்றது கரெக்டு. அந்தாளு கேட்டது ஒருத்தன. நாம குடுத்தது எட்டுப் பேர. பெரிய வியாபாரந்தான் போ."

திரும்பும்போது அந்தத் தெருவே வேண்டாமென்று ஏரிக்கரையில் போனோம். சேற்றில் சக்கரம் சுற்றவில்லை. வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். இத்தனை படித்து, உத்தியோகம் பார்த்து, வண்டி வாங்கி, வரி கட்டி, கடைசியில் என் அம்மா நடந்த அதே கரையில் வண்டியையும் சுமந்துகொண்டு நடக்கிறேன் என்று நினைக்க நினைக்கப் பல்லைக் கடித்தேன். ஊர் வந்து சேர்ந்ததும், பிரிவதற்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தினேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம அதே தெரு வழியாத்தான் போறேன். எறங்க மாட்டேன். வர்றவங்க வாங்க."

ஒருவர், தாலுக்கா ஆபீஸில் வேலை பார்த்தவர், தயக்கமாக, "தம்பி, நாம உல்லாசத்துக்குப் போறோம். சண்டைக்கு இல்லியே," என்றார்.

"எனக்கு உல்லாசமே எறங்காம போறதுதான் சார்," என்றேன்.

அவரும் இன்னொருவரும் அதோடு வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கு அது வெறும் ஒரு தெரு.

சேதி எப்படியோ கிராமத்துக்குப் போய்விட்டது. வாரத்தின் நடுவில் ஒரு நாள் மத்தியானம், நான் வெற்றிலைக் கூடைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது, பார்சல் ஆபீஸ் வாசலில் மாமன் நின்றார். அவர் ரயிலடிக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறார். மெலிந்த உடம்பு, துண்டு இடுப்பில். டீ வாங்கிக் கொடுத்தேன். ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"நைனா, ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் வர்றியாமே?"

"ஆமா மாமா."

"வந்தா கால ஒடிச்சிடுவோம்னு பேசிக்கினு கீறாங்க. உனக்கின்னா, மிதிச்சிகினு பூடுவ. நாங்க அங்கதான கீறோம். எங்க கெணறு, எங்க கூலி எல்லாம் அவங்க கையில கீது."

அதுவரைக்கும் நான் என் வண்டியையும் என் காலையும் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "மாமா, நீ சொல்லு. உனக்கு வேணாம்னா நான் வரல. வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன். நீ சொன்னா கேக்கறேன்," என்றேன்.

அவர் ஆபீஸ் சுவரில் சாய்த்து வைத்திருந்த என் சைக்கிளிடம் போனார். சீட்டைத் தொட்டுப் பார்த்தார். பெல்லை ஒரு தடவை அடித்தார். அதன் சத்தம் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது போலிருந்தது. இன்னொரு தடவை அடித்தார்.

"ஆண்ட என்ன அனுப்பிச்சி சொல்லிட்டு வாடான்னாரு. சொல்லிட்டேன்," என்றார். ஆண்ட என்று அவர் சொன்னது நிலத்துக்காரரை. துண்டை உதறி மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விட்டார். வேண்டாம் என்ற வார்த்தையை மட்டும் அவர் சொல்லவே இல்லை. மிச்ச நாளெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் கிளம்பினோம். டிரில் மாஸ்டர் வருவாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. எல்லாருக்கும் முன்னால் வந்து, நாங்கள் கூடும் குளத்தங்கரையில் நின்றுகொண்டிருந்தார். "நீ முன்னால போ," என்றார் என்னிடம். "நான் மெதுவா போறவன் இல்லியே சார்," என்றேன். "இன்னிக்குச் சட்டம் வேற," என்றார்.

கிராமத்துக்குத் திரும்பும் பாதையில், பனைமரங்களுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெள்ளை வேட்டி, தலையில் முண்டாசு. கிட்டே போன பிறகுதான் மாமன் என்று தெரிந்தது. இடுப்பில் இருக்கவேண்டிய துண்டு தலைக்கு ஏறியிருந்தது.

"நிறுத்து நைனா," என்றார். நிறுத்தினேன். "பின்னால குந்தலாமா?"

"மாமா, உன்ன ஊர வுட்டே தொரத்துவாங்க."

"ராவெல்லாம் ரோசனை பண்ணேன். உன்ன வராதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வாய் வரலன்னா அப்பறம் நானு வூட்டுல குந்திகினு வேடிக்கை பாக்கறதா? ஓட்டு."

கேரியரில் ஏறி ஒருக்களித்து உட்கார்ந்தார். வண்டி பின்பக்கம் கனத்து முன்சக்கரம் ஆடியது. அவர் சைக்கிளில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தெருவுக்குள் நுழைந்தோம். நடுவில் ஒரு கட்டை வண்டியைக் குறுக்காக நிறுத்தியிருந்தார்கள். மாடு பூட்டவில்லை. வண்டிக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர். சுவர் ஓரமாக ஒரு ஆள் போகிற இடைவெளிதான் இருந்தது. அங்கே நிலத்துக்காரரும் அவர் தம்பியும் நின்றார்கள். பின்னால் டிரில் மாஸ்டர் விசிலை எடுத்தது எனக்குத் தெரியும், அது தொங்கும் சங்கிலியின் சத்தம் கேட்டது. இரண்டு ஊதுவாரா, ஒன்று ஊதுவாரா? மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். அவர் ஒரே ஒரு ஊதல் ஊதினார். நீளமாக, மூச்சு தீரும் வரைக்கும்.

அதோடு அத்தனை பேரும் பெல் அடிக்க ஆரம்பித்தார்கள். ஆறு பெல். வீடுகளிலிருந்து ஜனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் தங்களை அறியாமல் ஒதுங்கினார்கள். பெல் அடித்தால் ஒதுங்குவது எல்லாருக்கும் பழக்கம்தானே. நான் நடையைவிட மெதுவாக, சுவரை ஒட்டி, இடைவெளிக்குள் வண்டியை விட்டேன். கால் தரையில் படக் கூடாது என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது.

நிலத்துக்காரரின் தம்பி ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டார். வண்டி நின்றது. சாயத் தொடங்கியது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டேன். கால் இன்னும் பெடலில்தான்.

"எறங்குடா," என்றார் அவர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மாமனைப் பார்த்துச் சொன்னார்.

மாமன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். குரல் நடுங்கியது. ஆனால் தெளிவாக வந்தது. "கைய எடுங்க. வண்டி சாயுது."

அவ்வளவுதான் சொன்னார். வேறு யார் சொன்னாலும் அது சாதாரணப் பேச்சு. ஆனால் அவர் அந்தக் குடும்பத்தாரிடம் எதைச் சொன்னாலும் கடைசியில் "ஆண்ட" என்று சேர்க்காமல் சொன்னதில்லை. அன்று சேர்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாமல் போனது அந்த மனிதருக்குக் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். திகைத்துப் போய்க் கையைத் தளர்த்தினார். நான் ஓங்கி மிதித்தேன். சுவரில் உரசி என் முழங்கை தோல் உரிந்தது. வெளியே வந்துவிட்டோம்.

பின்னால் கற்கள் வந்தன. ஒரு கல் டிரில் மாஸ்டர் வண்டியின் மட்கார்டில் விழுந்து அதை நசுக்கியது. ஒன்று பாய் மகன் முதுகில் பட்டது. "பேஜாரு புடிச்சவனுங்க, குறி வைக்கக்கூடத் தெரியல," என்று கத்திக்கொண்டே அவன் மிதித்து வந்தான். தெரு முடிந்து ரோடு வந்ததும் எல்லாரும் மூச்சு வாங்க நின்றோம். மாமன்தான் கேரியரிலிருந்து இறங்காமலே கேட்டார்:

"திரும்பி வரும்போதும் இதே வழிதானே?"

டிரில் மாஸ்டர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. அன்று கடற்கரையில் மாமன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். முண்டாசைக் கழற்றவில்லை. பொழுது சாயும் முன் அதே தெரு வழியாகத் திரும்பினோம். கட்டை வண்டி ஓரமாகக் கிடந்தது. வாசல்களில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள், நாங்களும் அவர்களைப் பார்த்தோம்.

அதோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். மறுநாளே மாமனுக்கு வேலை இல்லை. சேரி ஆடு மாடு மேய்ச்சலுக்கு எங்கும் இறங்கக் கூடாது என்று தடுத்தார்கள். மாமனும் அத்தையும் இரண்டு மூட்டையோடு செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அத்தை என்னோடு பேசவில்லை. அவள் வளர்த்த ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்திருந்தாள். சமையலறையில் பாத்திரத்தை ஓசைப்படுத்தி வைப்பாள், அதுதான் எனக்கான பேச்சு.

எங்கள் மேல் கல் எறிந்ததைப் பற்றிப் போலீஸில் எழுதிக் கொடுத்தோம். சட்டம் வந்துவிட்டது, இந்த மாதிரித் தடுப்பது குற்றம் என்றெல்லாம் பத்திரிகையில் படித்திருந்தோம். விசாரிக்கிறோம் என்றார்கள். அந்த விசாரணை எங்கே போனதோ தெரியாது. ஆனால் அந்தத் தெருக்காரர்கள் தங்கள் பங்குக்கு என் மேல் ஒரு புகார் கொடுத்திருந்தார்கள், அதற்கு மட்டும் சம்மன் வந்துவிட்டது. சைக்கிளில் இரண்டு பேர் போனது. டபுள்ஸ்! மாஜிஸ்டிரேட் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "ஒத்துக்கிறியா?" என்றார். "ஒத்துக்கறேன் ஐயா. நல்லா எழுதிக்குங்க, அந்தத் தெருவுல டபுள்ஸ் போனேன்," என்றேன். அபராதத்தை டிரில் மாஸ்டர் கட்ட வந்தார். நான் விடவில்லை. அந்தத் தெருவில் நான் செய்த குற்றம் இது ஒன்றுதான் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது, அதற்கு வேறு யாரும் காசு கொடுப்பானேன்?

பாலத்தைப் பிறகு கட்டிவிட்டார்கள். நேர் ரோடு திறந்துவிட்டது. ஆனாலும் சங்கம் மகாபலிபுரம் போகும்போதெல்லாம் அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனோம். தேவையா என்று கேட்டவர்கள் உண்டு, எங்கள் உறவுக்காரர்களிலேயே சிலர் கேட்டார்கள். ஆமாம், தேவைதான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். சேரியிலிருந்த ஒரு வாத்தியார் அடுத்த வருஷம் சைக்கிள் வாங்கினார். அவரையும் திட்டினார்கள், கல் எறியவில்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்தச் சேரியில் ஒரு கல்யாணம். அத்தையின் அண்ணன் மகளுக்கு. பஸ்ஸில் போய் இறங்கினால் வெகு தூரம் நடக்க வேண்டும். வழியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நான் சைக்கிளோடு போய் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். அத்தை இறங்கினாள். புதுப் புடவை, காலில் புதுச் செருப்பு. அதுவரை அவள் செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை.

"குந்து அத்தை," என்று கேரியரைத் தட்டினேன்.

"உன் வண்டி எனக்கு எதுக்கு? எனக்குக் காலு இல்லியா?" என்றாள்.

ஏரிக்கரைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேராகப் பெரிய தெருவுக்குள் நுழைந்தாள். ஓரமாகக்கூட இல்லை, நட்டநடுவில். நிலத்துக்காரர் வேப்பமரத்தடியில்தான் இருந்தார். நல்ல வெயில். அத்தை தலையில் முந்தானையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், கையை வீசி, செருப்பு சரக் சரக்கென்று சத்தம் போட நடந்தாள். நான் அவளுக்குப் பின்னால், கால் ஊன்றாமல், எவ்வளவு மெதுவாக மிதிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக மிதித்துக்கொண்டு போனேன்.